ஜிமேட், ஜிஆர்இ, கேட்: மூன்றரை வருட ஐடி அனுபவத்தோடு எம்பிஏ போக எதை எழுதலாம்?

ஓஎம்ஆர்_ஓரம்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வழக்கம்போல சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மூன்றரை வருடம் ஆகிறது. பத்தாவதில் 93 சதவீதம், பன்னிரண்டாவதில் 88, பிஇ-யில் 7.4. கொஞ்ச நாளாக ரிலீஸ் திட்டமிடுவது, வாடிக்கையாளரோடு பேசி எது முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் பிடித்திருக்கிறது. ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் நகர வேண்டும், அதற்குத்தான் எம்பிஏ.

எந்தத் தேர்வு என்பதில்தான் மண்டை காய்கிறது: ஐஐஎம் என்கிற மத்திய அரசு மேலாண்மை நிறுவனங்களுக்கான கேட்டா, வெளிநாட்டு எம்பிஏ-வுக்கும் செல்லும் ஜிமேட்டா, எம்எஸ் மாதிரி மேற்படிப்புக்கும் உதவும் ஜிஆர்இயா. ரூம்மேட் கேட் எழுது என்கிறான். டீம் லீட் ஜிமேட்டைத் தவிர எதற்கும் மதிப்பில்லை என்கிறார். கல்லூரி சீனியர் ஒருவர் ஜிஆர்இதான் சுலபம், கணக்கெல்லாம் பத்தாம் வகுப்பு அளவுதான் என்கிறார். ஒரு கோச்சிங் சென்டருக்குப் போன் போட்டால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்றார்கள், அன்றிலிருந்து மதியம் சாப்பிடும் நேரம் பார்த்துக் கூப்பிடுகிறார்கள்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆபீஸ் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லை, ஆனால் ஜிஆர்இ வார்த்தைப் பட்டியலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கணக்குக்குப் பயமில்லை. ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), ஐஐஎம், முடிந்தால் சிங்கப்பூர், இதுதான் மனதில் இருக்கிறது. கேட்டுக்கும் ஜிமேட்டுக்கும் சேர்த்தே படிக்க முடியுமா? ஜிஆர்இ போட்டு அப்ளை செய்தால் இரண்டாம்தரமாகப் பார்ப்பார்களா? வேலையை விடாமல் படிக்க வேண்டும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வடபழனி_வேங்கை:

ப்ரோ, கேட் எழுதுங்க, அவ்வளவுதான். போன வருடம் கேட் 2025-க்குப் பொதுப் பிரிவுக் கட்டணமே 2,600 ரூபாய், இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எஸ்சி, எஸ்டிக்குப் பாதி. ஜிமேட்டுக்கு 275 டாலர் அளவில் கட்டி, மார்க் வரவில்லை என்று திரும்பக் கட்டி... அந்தப் பணத்தில் ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுக்கலாம்.

கோவை_குவான்ட்:

வேங்கை சொல்வதில் பாதி உண்மை. தேர்வுக் கட்டணத்தைப் பார்த்து இருபது, நாற்பது லட்ச ரூபாய்ப் படிப்பை முடிவு செய்யக் கூடாது என்பது மீதிப் பாதி.

தம்பி, நான் கோவையில் பதினைந்து வருடமாக இந்தத் தேர்வுகளுக்குக் கணக்கு எடுக்கிறேன் (உங்களுக்குப் போன் போடும் ஆட்களோடு எனக்குச் சம்பந்தம் இல்லை). இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோரும் தேர்வில் ஆரம்பிக்கிறார்கள். படிப்பில் ஆரம்பியுங்கள், தேர்வு பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு விதமான படிப்புகள். ஒன்று, ஐஐஎம்களின் இரண்டு வருட எம்பிஏ. இந்தியாவில் இருந்து அப்ளை செய்பவருக்கு அதற்குள் நுழைய கேட்தான். அங்கே வகுப்பில் நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பார்கள், ஒன்றிரண்டு வருட அனுபவக்காரர்களும் இருப்பார்கள், நீங்கள் சேரும்போது நாலரை வருடம் ஆகியிருக்கும், கொஞ்சம் மூத்தவராக உட்கார்ந்திருப்பீர்கள். அது குற்றமில்லை, ஆனால் கேம்பஸ் வேலைக்கு வரும் கம்பெனி உங்கள் அனுபவத்தில் எவ்வளவைக் கணக்கில் எடுக்கும் என்பது வேறு கதை. இரண்டாவது, அனுபவம் உள்ளவர்களுக்கான ஒரு வருடப் படிப்பு. ஐஎஸ்பி-யின் பிஜிபி-க்குக் குறைந்தது 24 மாத அனுபவம், ஜிமேட் அல்லது ஜிஆர்இ. ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் நான்கு வருடம் கேட்கும், பெங்களூரின் இபிஜிபி-யும் கொல்கத்தாவின் ஒரு வருடப் படிப்பும் ஐந்து வருடம் கேட்கும். இந்த ஐஐஎம் ஒரு வருடப் படிப்புகளுக்கும் ஜிமேட், ஜிஆர்இ செல்லும், ஐஐஎம் என்றாலே கேட் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். சென்னையை விட்டு நகர முடியாது என்றால் கிரேட் லேக்ஸிலும் ஒரு வருட பிஜிபிஎம் இருக்கிறது, இரண்டு வருட அனுபவம் போதும், அவர்கள் பல தேர்வு மார்க்குகளை ஏற்றுக்கொள்கிறார்கள்.

கேட் பக்கம் போவதாக இருந்தால் உங்கள் பழைய மார்க்குகள் கூடவே வரும். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மூன்றுக்கும் ஷார்ட்லிஸ்ட்டில் பங்கு உண்டு, ஒவ்வொரு ஐஐஎம்மும் ஒவ்வொரு விதமாகக் கூட்டும். பெங்களூரு பள்ளி மார்க்கை அப்படியே எடுப்பதில்லை, அந்தந்த போர்டில் படித்து கேட் எழுதியவர்களின் மார்க்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறது. நம் ஸ்டேட் போர்டில் 93 வாங்கியவர்கள் கூட்டமாக இருப்பார்கள் என்பதால் அதன் பளபளப்பு அங்கே கொஞ்சம் குறையும்.

இன்னொன்று, யாரும் சொல்லாமல் விடுவது. நீங்கள் எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி சான்றிதழ் கையில் இருந்தால் அதுவே ஐஐஎம்முக்கும் போதும் என்று நினைத்து நவம்பரில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். ஐஐஎம்மில் 27 சதவீதம் என்பது மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ள, கிரீமி லேயர் என்ற வசதியானோர் வரம்பில் வராதவர்களுக்கு. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். கேட் பதிவு ஆகஸ்ட்டில் திறக்கும், அதற்குள் வாங்கி வைப்பது நல்லது. ஐஎஸ்பி-யிலோ வெளிநாட்டிலோ இந்தக் கணக்கே கிடையாது. ஒதுக்கீடு உள்ளவருக்கு கேட்டை விட்டுவிட்டு ஜிமேட் போவது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்பதை ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள்.

ஓஎம்ஆர்_ஓரம்:

மேடம், மத்திய அரசுப் படிவ விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நன்றி. எனக்கு அது பொருந்தும், அப்பா மளிகைக் கடை. இந்த வாரமே இ-சேவையில் விசாரிக்கிறேன்.

கச்சிபவுலி_காற்று:

ஐஎஸ்பி-யில் படித்தவன், இப்போது ஹைதராபாத்தில் ப்ராடக்ட் மேனேஜர். நீங்கள் போக நினைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் ஒருதலையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இணையத்தில் ஜிமேட் பற்றி இருப்பதில் பாதி காலாவதியானது. 2023 நவம்பரில் ஃபோகஸ் எடிஷன் என்று புதிய வடிவம் வந்தது, 2024 ஜனவரியோடு பழையது போய்விட்டது, இப்போது புதியதையே ஜிமேட் என்கிறார்கள். கட்டுரை எழுதுவது இல்லை. சென்டென்ஸ் கரெக்‌ஷன் என்ற இலக்கணப் பகுதி இல்லை. ஜியோமெட்ரி இல்லை. குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (ஆங்கிலம்) 23, டேட்டா இன்சைட்ஸ் (தகவலை அலசுவது) 20, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மொத்தம் இரண்டே கால் மணி நேரம். எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது உங்கள் இஷ்டம். பகுதி முடிந்ததும் திரும்பிப் போய் மூன்று பதில்கள் வரை மாற்றலாம், பழைய ஜிமேட்டில் கனவில்கூட நடக்காத விஷயம்.

மார்க் அளவும் மாறிவிட்டது. 205-லிருந்து 805 வரை, எல்லா மார்க்கும் 5-இல் முடியும். உங்கள் டீம் லீட் 700 வாங்கு என்றால் அது பழைய கணக்கு, இன்றைக்கு அதற்கு இணை 645. இது தெரியாமல் 645 வாங்கிவிட்டு மனம் உடைந்து திரும்ப எழுதப் போன ஒருவரை எனக்குத் தெரியும், நல்லவேளை பணம் கட்டுவதற்கு முன்னால் யாரோ சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கு ஏன் ஜிமேட் என்கிறேன் என்றால், இந்த டேட்டா இன்சைட்ஸ். அட்டவணை, வரைபடம், இரண்டு மூன்று டேப்களில் சிதறிக் கிடக்கும் தகவல், அதில் எது தேவை எது தேவையில்லை என்று பிரிப்பது. டெஸ்ட் ரிப்போர்ட்டும் டேஷ்போர்டும் பார்த்துப் பழகியவருக்கு அது அந்நியமாக இருக்காது. மூன்று பகுதிக்கும் ஒரே எடை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ஜிஆர்இ-யில் வெர்பலும் குவான்ட்டும் மட்டும்தான் 340-க்குள் வரும், ஆகவே ஆங்கிலம் உங்கள் மார்க்கில் சரிபாதி. ஜிமேட்டில் அது மூன்றில் ஒரு பங்கு.

ஜிஆர்இ குவான்ட் சுலபம் என்று உங்கள் சீனியர் சொன்னது சரிதான், அதுதான் பிரச்சினையும். எல்லோருக்கும் சுலபம். நம் ஊர் இன்ஜினீயர்கள் மட்டுமில்லை, உலகம் முழுக்கக் கணக்குத் தெரிந்தவர்கள் அங்கே 165-க்கு மேல் குவிந்து கிடக்கிறார்கள், 165 வாங்கியும் பர்சென்டைல் (நூற்றில் எத்தனை பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு) எழுபதைச் சுற்றித்தான் நிற்கும். கணக்கில் பலமானவருக்கு அந்தப் பலத்தைக் காட்ட இடமே இல்லை.

மழைக்காலம்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பதினோரு வருட அனுபவம், இரண்டு குழந்தைகள், எக்சிகியூட்டிவ் எம்பிஏ பார்க்கிறேன். எனக்கும் ஜிமேட்டா?

கச்சிபவுலி_காற்று:

அக்கா, உங்களுக்கு எக்சிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, ஜிமேட் நடத்துபவர்களே நடத்துவது. தொண்ணூறு நிமிடம், 40 கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் மாதக்கணக்கில் கோச்சிங் போக முடியாது என்பதை ஒத்துக்கொண்டு வைத்த தேர்வு. நீங்கள் பார்க்கும் படிப்பு அதை ஏற்கிறதா என்று அவர்கள் பக்கத்தில் பாருங்கள், சில இடங்களில் தேர்வே வேண்டாம் என்றும் சொல்வார்கள். தனி இழை போட்டால் விரிவாகச் சொல்கிறேன்.

சிராங்கூன்_ரோடு:

கச்சிபவுலி அண்ணன் ஒருதலைதான் என்று அவரே சொல்லிவிட்டதால் நான் மறுதலை எடுக்கிறேன். சிங்கப்பூரில் வேலை, இங்கேயே எம்பிஏ முடித்தேன், ஜிஆர்இ மார்க்கை வைத்துத்தான் சேர்ந்தேன்.

இரண்டாம்தரம் என்ற பேச்சை முதலில் தூக்கிப் போடுங்கள். இங்கே சிங்கப்பூரில் இருக்கும் என்யுஎஸ், நான்யாங், இன்சியாட், நீங்கள் சொன்ன ஐஎஸ்பி, எல்லாமே இரண்டையும் ஏற்கின்றன. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் எம்பிஏ என்றால் ஜிமேட் மட்டும்தான் என்று ஒரு காலம் இருந்தது, அந்த நினைப்பு இன்னும் சிலர் வாயில் மிச்சம் இருக்கிறது. சில கன்சல்டிங், முதலீட்டு வங்கி வேலைகளில் ஜிமேட் மார்க் கேட்பது உண்டு, அது உண்மை, ஆனால் நீங்கள் போவது ப்ராடக்ட் பக்கம், அங்கே எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்து, தேர்வு அறைக்குள் நடப்பது. ஜிமேட் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களை எடைபோட்டு அடுத்ததைத் தரும், பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. குவான்ட்டில் கால்குலேட்டர் கிடையாது, டேட்டா இன்சைட்ஸில் மட்டும்தான். கடைசியில் நேரம் போதாமல் நாலு கேள்வி விட்டால் மார்க் சரசரவென்று இறங்கும். ஜிஆர்இ அப்படியில்லை. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், கஷ்டமானதைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் வரலாம், எத்தனை பதில் வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்து இரண்டாவது பகுதியின் கடினம் மாறும், அவ்வளவுதான். கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பரில் சுருக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஒரு கட்டுரை, வெர்பல் 27 கேள்வி, குவான்ட் 27. பரீட்சையில் கை நடுங்குகிறவர்களுக்கு இந்தத் திரும்பிப் போகும் வசதி மார்க்கை விட மேல்.

அப்புறம் இந்த வார்த்தைப் பயம். வெர்பலில் ஏறக்குறைய பாதி வார்த்தை சார்ந்த கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் அது உழைத்தால் ஏறும் மார்க். ரயிலில், பஸ்ஸில், கியூவில் நிற்கும்போது அட்டை புரட்டிப் படிக்கலாம். ஜிமேட் வெர்பலில் வார்த்தை இல்லை என்று சந்தோஷப்படுகிறீர்களே, அங்கே மிச்சம் இருப்பது நீளப் பத்தியும் க்ரிட்டிக்கல் ரீசனிங்கும். ஒரு வாதத்தில் எந்த ஓட்டை இருக்கிறது என்று ஐந்து விடைகளில் தேடுவது. அதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது. தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு எது கடினம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நானும் தமிழ் மீடியம்தான், எனக்கு மனப்பாடம் கைகொடுத்தது.

எம்பிஏ கிடைக்கவில்லை என்றால் பிசினஸ் அனலிடிக்ஸ் மாதிரி ஏதாவது எம்எஸ் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் அதற்கும் ஜிஆர்இ மார்க் உதவும். இரண்டு தேர்வின் மார்க்குமே ஐந்து வருடம் செல்லும். கேட் மார்க் ஒரு வருடத்தோடு சரி.

வடபழனி_வேங்கை:

மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறீர்கள், பையன் நாலாவதாக டான்செட் (தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு) எழுதிவிட்டு அண்ணா யுனிவர்சிட்டியில் சேர்ந்துவிடப் போகிறான்.

கோவை_குவான்ட்:

சேர்ந்தால் என்ன குறைச்சல்? மாநிலக் கவுன்சலிங் மூலம் வருகிற சீட்டுக்குக் கட்டணம் குறைவு, அங்கே மேலாண்மைத் துறையான டிஓஎம்எஸ்ஸில் படித்து நன்றாக இருப்பவர்கள் ஏராளம். ஆனால் சோழிங்கநல்லூரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் இவருக்கு இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக அது பொருந்துமா என்பதுதான் கேள்வி. அதுவும் வழக்கமாக மார்ச் மாத வாக்கில்தான் வரும், இப்போதைக்கு விடுங்கள்.

வாதம் போதும். ஓஎம்ஆர் தம்பி, எம்பிஏ டாட் காமில் அசல் ஜிமேட் மாதிரித் தேர்வு இரண்டு இலவசம். ஜிஆர்இ நடத்தும் ஈடிஎஸ் பக்கத்தில் பவர்ப்ரெப் என்று அதற்கும் இரண்டு இலவசம். எதுவும் படிக்காமல், ஒரு சனிக்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஒன்று எழுதிவிட்டு மார்க்கை இங்கே போடுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, நேரம் வைத்து. பழைய கேட் வினாத்தாளில் ஒரே ஒரு வெர்பல் பகுதியையும் நாற்பது நிமிடத்தில் எழுதிப் பாருங்கள்.

ஓஎம்ஆர்_ஓரம்:

எழுதிவிட்டேன். ஜிமேட் 565: குவான்ட் 80, வெர்பல் 77, டேட்டா இன்சைட்ஸ் 77. ஜிஆர்இ 316: குவான்ட் 164, வெர்பல் 152. கேட் வெர்பல் 24 கேள்வியில் 15 தொட்டேன், 9 சரி, 6 தப்பு.

கவனித்த சில விஷயங்கள். ஜிமேட் குவான்ட்டில் எனக்குத் தெரியாத கணக்கு ஒன்றுகூட இல்லை, ஆனால் நேரம் ஓடிவிட்டது, கடைசி இரண்டை ஊகித்தேன். டேட்டா இன்சைட்ஸில் படம் பார்ப்பது சுகம், பத்தி நீளமாக வந்தால் தடுமாற்றம். ஜிஆர்இ-யில் வார்த்தைக் கேள்விகள் லாட்டரிதான், ஆனால் பத்தி படிக்கும் கேள்விகள் பரவாயில்லை. சிராங்கூன் அண்ணன் சொன்ன மாதிரி திரும்பிப் போக முடிந்தது நிம்மதியாக இருந்தது.

கோவை_குவான்ட்:

நல்ல மார்க். படிக்காமல் எழுதியதற்கு நல்ல மார்க் என்கிறேன், இதோடு அப்ளை செய்யாதீர்கள்.

565 ஜிமேட்டில் கிட்டத்தட்ட சராசரி, கொஞ்சம் மேலே. ஜிஆர்இ வெர்பல் 152-ம் சராசரியை ஒட்டித்தான். குவான்ட் 164 கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கிருந்து நீங்கள் ஏறக்கூடியது ஆறே மார்க். ஆக ஜிஆர்இ-யில் உங்களுக்கு மிச்சம் இருக்கும் ஏற்றம் முழுவதும் வெர்பலில்தான் வர வேண்டும். 152-ஐ 160-க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதில் பாதி அந்த வார்த்தைகள். ஜிமேட்டில் மூன்று பகுதியிலும் இடம் இருக்கிறது. குவான்ட்டில் உங்களுக்குப் பாடம் தெரியும், வேகம்தான் இல்லை, வேகம் பயிற்சியில் வரும் விஷயம். 80-ஐ 85-க்கும், டேட்டா இன்சைட்ஸை 82-க்கும், வெர்பலை 81-க்கும் தள்ளினால் கூட்டிப் பார்த்தேன், 655 பக்கம் வருகிறது. மூன்றும் பெரிய தாவல் இல்லை.

கேட் வெர்பல்: சரிக்கு 3, தப்புக்கு 1 குறைப்பு, எல்லாம் விடை தேர்ந்தெடுக்கும் கேள்வி என்று வைத்துக்கொண்டால் 21 மார்க். மோசமில்லை. ஆனால் ஐஐஎம்களில் மொத்த மார்க் மட்டும் பார்ப்பதில்லை, பகுதிவாரியாகவும் கட்-ஆஃப் உண்டு, கணக்கில் எவ்வளவு அடித்தாலும் வெர்பல் கீழே போனால் கதை முடிந்தது. அந்தப் பகுதியில் பெரும்பங்கு பத்தி படித்துப் பதில் சொல்வது. ஜிமேட் வெர்பலுக்குப் படிப்பது இதற்கும் உதவும். கணக்குப் பக்கம்தான் இரண்டும் பிரியும்: கேட்டில் ஜியோமெட்ரி உண்டு, அல்ஜீப்ராவும் கனமாக வரும், டிஐஎல்ஆர் (தகவல் அலசலும் தர்க்கமும்) புதிர்கள் டேட்டா இன்சைட்ஸை விட முரட்டுத்தனமானவை.

சிராங்கூன்_ரோடு:

மார்க்கைப் பார்த்த பிறகு நானும் ஜிமேட்தான் சொல்வேன், கோவை அக்கா கணக்கு சரி. ஆனால் ஒரு நிபந்தனை. டேட்டா இன்சைட்ஸில் பத்தி நீண்டால் தடுமாறுகிறேன் என்று அவரே சொல்கிறார். வெர்பல் மூன்றில் ஒரு பங்குதான் என்று கச்சிபவுலி சொன்னது காகிதத்தில் சரி, நடைமுறையில் ஆங்கிலம் படிக்கும் வேகம் டேட்டா இன்சைட்ஸுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ஆகவே தினமும் ஒரு மணி நேரம் ஏதாவது கனமான கட்டுரை படியுங்கள், கணக்கு போடுவதைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் ஆட்கள் பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

கச்சிபவுலி_காற்று:

இது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன்.

காலம் பற்றி ஒன்று. ஐஎஸ்பி-க்கு அப்ளை செய்யும் முதல் ரவுண்ட் செப்டம்பரில் முடியும், அடுத்தது டிசம்பர் வாக்கில். இப்போது ஜூன். முதல் ரவுண்டுக்கு அடித்துப் பிடித்து ஓடி 605 வைத்து அப்ளை செய்வதை விட, அக்டோபரில் நல்ல மார்க் எடுத்து அடுத்த ரவுண்ட் போவது மேல். உங்களைப் போன்ற ஐடி இன்ஜினீயர்கள் வரிசையில் நிறையப் பேர், சராசரி மார்க் நமக்குப் போதாது, கொஞ்சம் மேலே நிற்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரைகளுக்கும் நேரம் வேண்டும். ரிலீஸ் திட்டமிடுவது பிடித்திருக்கிறது என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அதை அங்கே ஒழுங்காகச் சொல்லுங்கள், உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தலைமைப் பண்பு என்று பொத்தாம்பொதுவாக எழுதுவார்கள்.

தேர்வு மையத்தில் எழுதினால் மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம், 48 மணி நேரத்துக்குள் ஐந்து இடம் இலவசம். சரியாக வரவில்லை என்றால் அனுப்பாமல் விடலாம், யாருக்கும் தெரியாது.

ஓஎம்ஆர்_ஓரம்:

சரி, ஜிமேட். அக்டோபர் முதல் பாதியில் சென்னை மையத்தில் போடுகிறேன். ஆனால் ஓபிசி விஷயம் தெரிந்த பிறகு கேட்டை விட மனசு வரவில்லை. ஜிமேட் முடிந்ததும் ஆறேழு வாரம் ஜியோமெட்ரியும் டிஐஎல்ஆரும் பார்த்து நவம்பர் கடைசி ஞாயிறு கேட் எழுதினால் பைத்தியக்காரத்தனமா? அப்பாவிடம் நாற்பது லட்சக் கடன் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அதனால் எஃப்எம்எஸ் டெல்லி (டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை) மாதிரி கட்டணம் குறைந்த இடத்துக்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

கோவை_குவான்ட்:

பைத்தியக்காரத்தனம் இல்லை, வரிசை சரியாக இருக்கிறது. தலைகீழாகச் செய்திருந்தால்தான் திட்டியிருப்பேன். எஃப்எம்எஸ் கேட் மார்க்கைத்தான் எடுக்கிறது, கட்டணம் லட்சங்களில் இரண்டு மூன்றுதான், அதனால் போட்டியும் அப்படி. புதிய ஐஐஎம்கள் பலவும் சேர்ந்து பொது நேர்காணல் நடத்துகின்றன, திருச்சியும் அதில் வந்திருக்கிறது, பதிவு செய்யும்போது கவனியுங்கள். கேட்டை இந்த வருடம் கூடுதல் வாய்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக அக்டோபருக்கு முன் ஜிமேட் நேரத்தைத் தின்னாதீர்கள். பேக்கேஜ்காரர்கள் திரும்பக் கூப்பிட்டால் எண்ணை பிளாக் செய்யுங்கள்.

ஓஎம்ஆர்_ஓரம்:

செய்தாகிவிட்டது. கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். ஜிமேட் பதிவில் பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, பெயர் இடத்தில் என் பெயர் மட்டும். மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல் இருக்கிறது. எதைப் போடுவது?

சிராங்கூன்_ரோடு:

மார்க் ஷீட்டை மறந்துவிடுங்கள். இந்தியாவில் ஜிமேட்டுக்கு அடையாளம் பாஸ்போர்ட்தான், பதிவில் உள்ள பெயர் அதில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் வராது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். அந்த மெயிலை அச்செடுத்துத் தேர்வு நாளில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்றும் இப்போதே பாருங்கள், அக்டோபருக்கு முன்னால் என்றால் புதுப்பித்த பிறகு தேதி போடுங்கள்.

ஓஎம்ஆர்_ஓரம்:

2031 வரை இருக்கிறது. மெயில் போட்டுவிட்டேன்.